இரண்டாவது கேள்வி

பதினோரு வருடம் நான் ஒரு அரசுத் துறையில், சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். கூட்டத்தொடர் தேதி அறிவித்துவிட்டால் வீடு மறந்துபோகும். கேள்வித்தாள் வரும். மாவட்டங்களுக்குப் போன் போட்டு விவரம் வாங்கி, வரைவு பதில் எழுதி மேலே அனுப்புவோம். அது சிவப்பு மையில் திருத்தத்தோடு திரும்பி வரும். மறுபடி தட்டச்சு, மறுபடி மேலே. கடைசியில் அமைச்சர் படிக்கப்போகும் பதில் மூன்று வரிதான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சாண் உயரத்துக்குக் கோப்பு இருக்கும்.

சேர்ந்த முதல் வாரமே எங்கள் பிரிவு அலுவலர் சொல்லிக்கொடுத்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதும்மா. கேக்காததை எழுதினா, அதுவே அடுத்த கேள்வியாத் திரும்பி வரும்."

அச்சாகி வரும் முதல் கேள்விக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அது கையில் இருக்கிறது, பதிலும் கையில் இருக்கிறது. பயமெல்லாம் துணைக் கேள்விக்குத்தான். உறுப்பினர் எழுந்து நின்று அடுத்ததாக என்ன கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. அதற்காகவே தனியாக நாலைந்து பக்கம் குறிப்பு எழுதி வைப்போம். பெரும்பாலும் அது தேவைப்படாது, பதிலைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் விடமாட்டார். இந்தக் கூட்டத்தொடரில் கேட்டதையே தேதியும் எண்ணும் சேர்த்து அடுத்த கூட்டத்தொடரிலும் கேட்பார். அந்த ஒருவருக்காகத்தான் இரவு பத்து மணிக்கும் எங்கள் பிரிவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கேள்வி நேரம், துணைக் கேள்வி எல்லாமே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்திலிருந்து நமக்கு வந்த ஏற்பாடு. அங்கே 43 வருடம் உட்கார்ந்து, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் டாம் டீயெல். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கூட்டிப் படித்தால் டேலியெல் என்று வரும். ஆனால் டீயெல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவரை நான் கண்டுபிடித்தது ஒரு தமிழ்ச் செய்தி வழியாக. 2021 அக்டோபரில், 89 இலங்கைத் தமிழர்கள் போன மீன்பிடிப் படகு ஒன்று இந்தியப் பெருங்கடலின் நடுவில் சிக்கலில் மாட்டியது. குழந்தைகளும் இருந்தார்கள். கனடா போகக் கிளம்பியவர்கள் என்று செய்தியில் இருந்தது. மீட்டு, டியாகோ கார்சியா என்ற தீவில் இறக்கினார்கள். பிரிட்டன் வசம் இருக்கும் தீவு, ஆனால் அமெரிக்க ராணுவத் தளம். அங்கே வேலிக்குள் கூடாரம் போட்டு அவர்களை வைத்தார்கள். அப்படியே மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எனக்கு ஒன்று புரியவே இல்லை. இவ்வளவு பெரிய தீவில் ஊர்க்காரர்கள் என்று யாருமே இல்லையா? தேடிப் படித்தபோது தெரிந்தது, இருந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு தீவும் டீயெல் பெயரும் சேர்ந்து வந்தன.

1965 நவம்பரில், மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து பிரித்து பிரிட்டன் தன்னிடம் வைத்துக்கொண்டது. சீஷெல்ஸிடமிருந்து அல்டாப்ரா என்ற பவளத் தீவையும் எடுத்துக்கொண்டது. சாகோஸில் உள்ள டியாகோ கார்சியா அமெரிக்காவுக்கு. அல்டாப்ராவில் பிரிட்டன் விமானப்படைக்கு ஓடுதளம். திட்டம் அதுதான்.

அல்டாப்ராவில் மனிதர்கள் அதிகம் இல்லை. ராட்சத ஆமைகள்தான் இருந்தன. இன்றைய கணக்கில் சுமார் ஒரு லட்சம். பறக்கத் தெரியாத ஒரு பறவையும் அங்கே உண்டு. பவளத் தீவுகளை ஆய்ந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜ் புவியியலாளர் டேவிட் ஸ்டாடர்ட் 1966-இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எச்சரிக்கை மணி அடித்தார். பிரிட்டனின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டி எழுந்தது, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. ஆனால் விஞ்ஞானிகள் கடிதம் எழுதலாம், அமைச்சரை எழுப்பி நிறுத்த முடியாது. அந்த வேலையைச் செய்தவர் டீயெல். அவர் ஆளுங்கட்சியான தொழிற்கட்சியின் உறுப்பினர், அதாவது அவர் கட்சி அரசின் திட்டம்தான் இது. ஓடுதளத்துக்கு எவ்வளவு செலவு, பறவைகள் எஞ்சினில் மோதினால் என்ன ஆகும், வேறு தீவு பார்த்தீர்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி போட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் கோப்பைத் திறக்க வேண்டும். திறந்த கோப்பு சும்மா மூடாது என்பது எனக்குத் தெரியும்.

1967 நவம்பர் 18 அன்று பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். கையில் பணமில்லை. அடுத்த சில நாட்களில் அல்டாப்ராத் திட்டம் கைவிடப்பட்டது. டீயெல் கேட்டதால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன், பணத்தட்டுப்பாடு பெரிய காரணம். ஆனால் எதை வெட்டலாம் என்று பட்டியல் போட்டபோது, பெயர் கெட்டுப்போயிருந்த திட்டம் முதலில் கண்ணில் பட்டிருக்கும். அலுவலகங்களில் அப்படித்தான் நடக்கும். 1982-இல் அல்டாப்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சாகோஸ் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

1932-இல் பிறந்தவர். எடின்பரோவுக்கு மேற்கே லின்லித்கோ பக்கத்தில் பின்ஸ் என்ற பழைய மாளிகை அவர்கள் குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்த வீடு. அதே பெயர் கொண்ட முன்னோர் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டுத் தளபதி. அவர் சாத்தானோடு சீட்டாடினார், தோற்ற சாத்தான் மேசையைத் தூக்கிக் குளத்தில் எறிந்தது என்று அந்த ஊரில் கதை உண்டு. வீட்டைச் சுற்றி மயில்கள் திரியும். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ், பரம்பரைப் பட்டம் எல்லாம் இருந்தும் பட்டத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. கல்லூரியில் கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர், 1956 சூயஸ் படையெடுப்பைப் பார்த்துத் தொழிற்கட்சிக்கு வந்தார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். 1962 இடைத்தேர்தலில் வெஸ்ட் லோதியன் தொகுதியில் வென்று உள்ளே போனவர், 2005 வரை வெளியே வரவில்லை. கடைசி நான்கு வருடம் அவையின் மிக மூத்த உறுப்பினர். ஒரு நாள்கூட அமைச்சராக இருந்ததில்லை.

இருக்க விட்டிருக்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம். 1968-இல் போர்ட்டன் டவுன் ரசாயன ஆயுத ஆய்வுக்கூடம் பற்றி நாடாளுமன்றக் குழு கேட்ட சாட்சியத்தை வெளியாவதற்கு முன்பே ஒரு பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். நிறைந்த அவையில் சபாநாயகர் அவரைக் கண்டித்தார்.

உள்நாட்டு விஷயத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் தொழிற்கட்சி அரசு ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் தர மசோதா கொண்டுவந்தது. டீயெல் ஸ்காட்லாந்துக்காரர், அதே கட்சிக்காரர். எதிர்த்தார். 1977 நவம்பர் 14 அன்று எழுந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து உறுப்பினர்கள் 119 பேர் இங்கிலாந்தின் விவகாரங்களில் வாக்களிப்பார்கள், ஆனால் அதே விவகாரங்கள் தங்கள் ஊரில் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கே பேச்சு இருக்காது, இதை இங்கிலாந்து எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டார்.

இதை அவர் விளக்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் தொகுதியில் பிளாக்பர்ன் என்று ஒரு ஊர் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரிலும் பிளாக்பர்ன் என்று ஒரு ஊர். லங்காஷயர் பிளாக்பர்னில் பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்று நான் வாக்களிக்கலாம், எனக்கு ஓட்டுப் போட்ட பிளாக்பர்னின் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாக்களிக்க முடியாது என்றார். அரசியலமைப்புச் சட்டம் பற்றிப் பத்து பக்கம் எழுதலாம். அவருக்கு ஒரே பெயருள்ள இரண்டு ஊர் போதுமானதாக இருந்தது. பதில் சொல்லும் மேசையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிப்பட்ட கேள்விக்கு மழுப்பலாகக்கூட ஒரு வரைவு எழுத முடியாது.

அதற்கு 'வெஸ்ட் லோதியன் கேள்வி' என்று பெயர் வைத்தவர் ஈனாக் பவல் என்ற சக உறுப்பினர். பெயர் நின்றுவிட்டது. 1979-இல் ஸ்காட்லாந்தில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஆதரவு வாக்குகளே அதிகம், ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனையைத் தொடவில்லை. 1999-இல் ஸ்காட்லாந்துக்குச் சட்டமன்றம் வந்தே விட்டது. 2004 ஜனவரியில் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் தப்பியபோது, ஸ்காட்லாந்து உறுப்பினர்களின் வாக்குதான் காப்பாற்றியது. அந்தக் கட்டணமோ இங்கிலாந்து மாணவர்களுக்கு. 2015-இல் இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர் ஒப்புதல் வேண்டும் என்று விதி போட்டார்கள். 2021-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அவர் ஸ்காட்லாந்துச் சட்டமன்றமே வேண்டாம் என்றதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் இருக்கும் அரசு பக்கத்து விஷயங்களைப் பார்ப்பதுதான் நியாயம். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இனி பெல்கிரானோ. டீயெல் பெயரைச் சொன்னால் பிரிட்டனில் பலருக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

1982-இல், பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. தாட்சர் அரசு கப்பற்படையை அனுப்பியது. டீயெல் எதிர்த்தார். அவையில் எதிர்த்து வாக்களித்ததற்காகத் தன் சொந்தக் கட்சியிலேயே முன்வரிசைப் பொறுப்பை இழந்தார். அந்த மே 2-ஆம் தேதி, 'கான்கரர்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் செத்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பிரிட்டன் தானே அறிவித்திருந்த 200 மைல் தடை வளையத்துக்கு வெளியே கப்பல் இருந்தது. அது நம் படையை நோக்கி வந்துகொண்டிருந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் அவையில் சொன்னார்.

அந்த ஒரு சொல்லை டீயெல் பிடித்துக்கொண்டார். நோக்கி வந்ததா, விலகிப் போனதா? எந்தத் திசை? முதலில் கண்ணில் பட்டது எந்த நாள், எத்தனை மணிக்கு? போர் முடிந்து ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். செத்தவர்கள் எதிரி நாட்டு மாலுமிகள். கேட்பதால் ஒரு ஓட்டுகூடக் கிடைக்காது. இரண்டு வருடத்துக்கு மேல் கேட்டார்.

1983 தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் டயானா கூல்ட் என்ற சாதாரணப் பெண்மணி இதே கேள்வியைப் பிரதமரிடம் நேராகக் கேட்டார். அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கப்பல் விலகிப் போகவில்லை என்கிறார் தாட்சர். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. கப்பல் 280 பாகையில் போய்க்கொண்டிருந்தது, ஏற்கெனவே ஃபாக்லாந்துக்கு மேற்கே இருந்தது, பிறகு எப்படி விலகிப் போகவில்லை என்கிறீர்கள் என்கிறார். 280 பாகை என்றால் ஏறக்குறைய நேர் மேற்கு, அர்ஜென்டினாக் கரைப் பக்கம். பிரதமரின் முகம் இறுகுவது தெரிகிறது. ஒரே ஒரு எண். துணைக் கேள்விக்கான குறிப்பு எழுதிய யாரோ ஒருவர் அந்த எண்ணுக்குத் தயாராக இல்லை.

1984-இல் டீயெலின் கேள்விகளுக்கு வரைவு பதில் எழுதும் வேலை பாதுகாப்பு அமைச்சகத்தில் கிளைவ் பான்டிங் என்ற மூத்த அதிகாரியின் மேசைக்கு வந்தது. என்ன நடந்தது என்று முழுக் கோப்பையும் படித்து, நாள் வாரியாகத் தொகுத்தவர் அவர். உண்மையைச் சொல்லும் வரைவைப் போட்டார். அமைச்சர்கள் ஒப்பவில்லை. சொல்லாமல் விடுவது எப்படி என்பதற்கு இன்னொரு குறிப்பு தயாரானது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு வரைவு என் மேசைக்கும் ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது. போர், கப்பல் என்று ஒன்றும் இல்லை. ஒரு மருத்துவக் கிடங்கில் மருந்து இருந்ததா இல்லையா என்ற சின்ன விஷயம். 'இருப்பில் இல்லை' என்று நான் எழுதியதை அடித்து, 'கொள்முதல் நடவடிக்கை நடந்துவருகிறது' என்று திருத்தியிருந்தது. இரண்டாவது வாக்கியமும் பொய்யில்லை. தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கவில்லை. இருபது வருடம் ஆகிவிட்டது, அந்தச் சிவப்பு மை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பான்டிங் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஆவணங்களையும் உறையில் போட்டு, பெயர் எழுதாமல், டீயெலுக்கே தபாலில் அனுப்பினார். டீயெல் முறைப்படி அவற்றை வெளியுறவுக் குழுத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அமைச்சகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து பான்டிங்கைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு. அரசின் நலன் என்பது அன்றைய ஆட்சி எதை நலன் என்கிறதோ அதுதான் என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். 1985 பிப்ரவரி 11 அன்று ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அடுத்து அரசு செய்தது சட்டத்தை மாற்றியது. 1989-இல் வந்த புதுச் சட்டத்தில், பொதுநலனுக்காகச் செய்தேன் என்ற வாதத்துக்கு இடமே இல்லை.

நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்: மூழ்கிய கப்பலின் கேப்டன் எக்டர் பொன்சோவே பிற்காலத்தில், அந்தத் தாக்குதல் போர் விதிகளுக்கு உட்பட்டதுதான் என்றார். போரில் கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது பெரிய விஷயமில்லை என்று ராணுவம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அப்படியென்றால் முதல் நாளே மேற்கே போனது, ஆனாலும் சுட்டோம் என்று சொல்லியிருக்கலாமே. அவையில் சொன்னது உண்மையா என்பதுதான் டீயெலின் கேள்வி. பிரதமர் பொய் சொன்னார் என்று சொல்லி, அந்தச் சொல்லைத் திரும்பப் பெற மறுத்து, அவையிலிருந்து வெளியேற்றப்பட்டும் இருக்கிறார்.

அப்புறம் லாக்கர்பி. 1988 டிசம்பரில் அந்த ஸ்காட்லாந்து ஊருக்கு மேலே விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கில் உண்மைக் குற்றவாளி தண்டிக்கப்படவில்லை என்று கடைசி வரை நம்பினார். அவை கலையும் நேரத்தில் கடைசி அரை மணி நேரம் ஒரு தனி உறுப்பினருக்குக் கிடைக்கும் ஒத்திவைப்பு விவாதத்தை அதற்காக மீண்டும் மீண்டும் வாங்கினார். முக்கால்வாசி இருக்கைகள் காலியாக இருக்கும் நேரம் அது. ஆனால் ஒரு அமைச்சர் இருந்து பதில் சொல்லியாக வேண்டும், சொன்னது அச்சாகும்.

இராக் போரையும் எதிர்த்தார், 1991-இலும் 2003-இலும். அந்த 2003-இல் அவர் சொன்ன ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. பிரதமர் பிளேர் யூத ஆலோசகர்கள் கூட்டம் ஒன்றின் பேச்சைக் கேட்கிறார் என்றார். கேவலமான பேச்சு. வாழ்நாள் முழுக்க ஆதாரம், தேதி, பாகை என்று கேட்ட மனிதர், ஒரு இனத்தின் மேல் பழியைப் போடும்போது எந்த ஆதாரமும் தேடவில்லை. அவர் மேல் எனக்குள்ள மரியாதையோடு அந்த வருத்தமும் சேர்ந்தேதான் இருக்கிறது.

சரி, சாகோஸுக்கு வருகிறேன்.

1966-இல் வெளியுறவு அதிகாரிகள் இருவர் எழுதிய குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. அங்கே கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடிகள் யாரும் இருக்க மாட்டார்கள், பறவைகளுக்கு இன்னும் குழு எதுவும் கிடையாது என்று ஒருவர் எழுதுகிறார். பறவைகளோடு பூர்வீகம் தெரியாத சில காட்டு மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களை மொரீஷியஸ் தலையில் கட்டிவிடலாம் என்று கீழே இன்னொருவர்.

அடுத்த வருடமே அல்டாப்ராவின் பறவைகளுக்குக் குழு வந்தது. ராயல் சொசைட்டி வந்தது, அவையில் ஒருவர் வந்தார், துணைக் கேள்விகள் வந்தன. சாகோஸ் தென்னந்தோப்புகளில் தலைமுறைகளாகக் கொப்பரை உடைத்து வாழ்ந்த 1,500-லிருந்து 2,000 பேருக்கு அந்தச் சத்தம் எழவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களும் கலந்தது. 1968-க்கும் 1973-க்கும் நடுவில் கப்பல் கப்பலாக ஏற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். போகும் முன் அவர்களுடைய நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அந்த ஆண்டு 1971.

2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004 ஜூனில் அரசு, அரசியின் பெயரால் ஒரு ஆணை போட்டுத் திரும்பிப் போகும் உரிமையை மறுபடி பறித்தது. அப்படிப்பட்ட ஆணைக்கு நாடாளுமன்ற விவாதம் தேவையில்லை. முதல் கேள்வியும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

டீயெல் 2017 ஜனவரி 26 அன்று காலமானார். படகில் போன தமிழர்களில் பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் தீவை விட்டு பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் தீர்ப்பு வந்தது.

ராட்சத ஆமைகள் நூறு வருடத்துக்கு மேலும் வாழும். 1967-இல் அல்டாப்ராவில் நடமாடிக்கொண்டிருந்தவற்றில் பல இன்றும் அங்கேதான் நகர்ந்துகொண்டிருக்கும். அதே காலத்தில் டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. சிலர் மொரீஷியஸின் போர்ட் லூயியில் இருக்கிறார்கள். சிலர் லண்டனுக்குத் தெற்கே, காட்விக் விமான நிலையத்தை ஒட்டிய கிராலி நகரத்தில்.